ஊசிக்கு முன்னாடி ரத்தம் எடுக்கச் சொல்லுங்க: டாக்டர் பதில்கள்

போன இதழ்ல ரத்தக்குழாய்ல வைக்கிற கிராஃப்ட், அதாவது செயற்கைக் குழாய் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். அதுல ‘இந்தக் குழாய்லயும் கிருமி போய் உக்காரும், காய்ச்சல் வந்தா அசட்டையா இருக்காதீங்க’ன்னு ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுதான் இத்தனை கடிதம் வந்திருக்கு, அதனால இந்த தடவை முழுக்க அதே விஷயம்தான். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், நான் கத்தி பிடிக்கிற டாக்டர் இல்ல, லேப்ல உக்காந்து கிருமி பாக்குற டாக்டர். ஆபரேஷன் பத்தி இங்க சொல்றதெல்லாம் ரத்தக்குழாய் சர்ஜன்களோட பக்கத்துல நின்னு கத்துக்கிட்டது.

கேள்வி: டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரருக்கு 61 வயசு, 15 வருஷமா ஷுகர். சொந்தமா வயல் இருக்கு, நடவு நேரத்துல அவரே இறங்கிடுவார். ரெண்டு வருஷம் முன்னாடி வயித்துல மெயின் ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்குன்னு தொடை வழியா ஸ்டென்ட் கிராஃப்ட் வெச்சாங்க. நல்லாத்தான் இருந்தார். ஐப்பசி மழைக்கு அப்புறம் சாயங்காலமானா குளிர் காய்ச்சல், முதுகு வலி. பக்கத்துல ஊசி போட்டா மூணு நாள் நல்லா இருக்கும், திரும்ப வரும், இப்படியே அஞ்சு வாரம் ஓடிடுச்சு. இப்ப பெரிய ஆஸ்பத்திரில ரத்தத்துல பர்கோல்டேரியான்னு ஒரு கிருமி இருக்கு, அது கிராஃப்ட்லயும் பிடிச்சிருக்குன்னு சொல்றாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு எப்படிம்மா வரும்? ஆபரேஷன்ல தப்பு நடந்துச்சா? பிழைச்சுடுவாரா? (வாசகி, திருவாரூர் மாவட்டம்)

அம்மா, உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். முதல்ல மனசுல இருக்கிற அந்த சந்தேகத்துக்குப் பதில் சொல்லிடறேன். ஆபரேஷன்ல தப்பு நடந்திருந்தா, அதாவது அன்னிக்கே தோல்ல இருந்தோ ஆபரேஷன் கருவில (கத்தி, ஊசி மாதிரி சாமான்கள்ல) இருந்தோ கிருமி உள்ள போயிருந்தா, அது வேற ஜாதி கிருமியா இருக்கும். பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ்னு நம்ம தோல்லயும் மூக்குலயும் எப்பவும் இருக்கிற கிருமிதான். உங்க வீட்டுக்காரர் ரத்தத்துல வந்திருக்கிறது மண்ணுல வாழ்ற கிருமி. முழுப் பேர் பர்கோல்டேரியா சூடோமல்லை, அது கொடுக்கிற நோய்க்கு மெலியாய்டோசிஸ்னு பேரு. ஈர மண்ணு, வயல் சேறு, தேங்கின தண்ணி, இதெல்லாம்தான் அதோட வீடு. கால்ல சின்னக் கீறல் இருந்து சேத்துல நின்னா உள்ள போகும், பெருமழை காத்தோட அடிக்கும்போது மூச்சு வழியாவும் போகும், குடிக்கிற தண்ணி வழியாவும் போகும். அதனாலதான் மழைக்காலத்தை ஒட்டி வருது. ஷுகர் இருக்கிறவங்களைத்தான் இது தேடிப் பிடிக்கும், இந்த நோய் வர்றவங்கள்ல பாதிக்குப் பாதி பேருக்கு ஷுகர் இருக்கும்.

கிருமி ரத்தத்துல இறங்கின பிறகு நுரையீரல், கல்லீரல், மண்ணீரல்னு எங்க வேணும்னாலும் போய் சீழ் கட்டும். உடம்புக்குள்ள துணியும் கம்பியுமா ஒரு குழாய் இருந்தா, ஓடிப்போற ரத்தத்துல இருந்து ஒண்ணு ரெண்டு கிருமி அதுல ஒட்டிக்க இடம் கிடைச்சுடுது. கிராஃப்ட் வெச்சு ரெண்டு வருஷம் என்ன, பத்து வருஷம் கழிச்சும் இது நடக்கலாம். ஆக, குழாய் வெச்ச அன்னிக்கு நடந்தது இல்ல, இந்த மழைக்கு நடந்ததாத்தான் இருக்கும்.

இப்ப அந்த அஞ்சு வாரம் பத்திப் பேசணும், எனக்கு அதுதான் வயித்தைப் பிசையுது. பக்கத்துல போட்ட ஊசி என்னன்னு நீங்க எழுதல, நம்ம ஊர்ல காய்ச்சலுக்கு வழக்கமா போடுறது செஃப்ட்ரியாக்சோன், இல்லைன்னா ஜென்டாமைசினோ அமிகாசினோ. இந்தக் கிருமி ஜென்டாமைசினுக்கு பெரும்பாலும் அடங்காது, செஃப்ட்ரியாக்சோன் கொஞ்சம் அடக்கி வைக்கும் ஆனா நம்பக்கூடிய மருந்து இல்ல. அதனால காய்ச்சல் இறங்குற மாதிரி இறங்கி, ஊசி நின்னதும் மறுபடி ஏறும், இதுக்கு நடுவுல ரத்தம் எடுத்து கல்ச்சர் வெச்சா, அதாவது பாட்டில்ல ஊத்தி கிருமி வளருதான்னு பாத்தா, மருந்தோட தயவுல கிருமி வளராம ‘ஒண்ணுமில்ல’ன்னு ரிப்போர்ட் வந்துடும். எத்தனை பேர் அந்த ‘ஒண்ணுமில்ல’ ரிப்போர்ட்டை பைல்ல வெச்சுக்கிட்டு மாசக்கணக்குல அலைஞ்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். பக்கத்து டாக்டர் மேல கோபப்படறதுக்கு இதைச் சொல்லல, அவர்கிட்ட கிராஃப்ட் இருக்குன்னு யாராவது சொன்னாங்களான்னு யோசிச்சுப் பாருங்க. தொடைல ரெண்டு சின்னத் தழும்புதான் இருக்கும், யார் கண்ணுக்குத் தெரியும்?

நான் பயிற்சில இருந்தப்ப நடந்த ஒண்ணு சொல்றேன். நான் அப்ப இருந்த ஒரு ஆஸ்பத்திரி லேப்ல ராத்திரி டூட்டி, விடியக்காலை மூணு மணி இருக்கும், கல்ச்சர் பாட்டில் வைக்கிற மெஷின் கத்துச்சு. உள்ள கிருமி வளர ஆரம்பிச்சா அப்படித்தான் கத்தும். ஒரு சொட்டு எடுத்து கண்ணாடித் தகட்டுல தடவி சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல வெச்சேன். ரோஸ் கலர்ல குட்டிக் குட்டி குச்சிங்க, ரெண்டு முனையிலயும் சாயம் அழுத்தமா பிடிச்சு நடுவுல வெளுத்துப்போய், அச்சு அசல் மூடி வெச்ச சேஃப்டி பின் மாதிரி. புஸ்தகத்துல படிச்சது ஞாபகத்துக்கு வந்துச்சு, ஆனா வாயைத் திறந்து சொல்ல தைரியம் வரல. காலைல அதை ‘சூடோமோனாஸ் வகை, வெளில இருந்து கலந்ததா இருக்கலாம்’னு எழுதி அனுப்பிட்டாங்க. மூணாவது நாள் அந்த பிளேட்டை எடுத்துப் பாத்தா, முதல்ல வழுவழுன்னு இருந்த புள்ளிங்க எல்லாம் காஞ்சு சுருங்கி, வாடிப்போன சாமந்தி மாதிரி மடிப்பு மடிப்பா நிக்குது. ஜென்டாமைசினுக்கும் அடங்கல, கோலிஸ்டினுக்கும் அடங்கல, ஆனா சாதாரண அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்குது, இந்த மூணும் சேர்ந்து வந்தா இந்தக் கிருமியைத்தான் முதல்ல சந்தேகப்படணும். அதுக்குள்ள அந்தப் பெரியவரை டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. அவருக்குத் தொடைல பைபாஸ் கிராஃப்ட் இருந்துச்சு, சீட்டுல யாரும் எழுதல. மூணு வாரம் கழிச்சு கிராஃப்ட் பொத்துக்கிட்டு ரத்தம் பீறிட்டு வந்தார், கால் போச்சு. அன்னிக்கு நான் பேசியிருக்கணும். அதுக்கப்புறம் எந்த லேப்ல இருந்தாலும் சேஃப்டி பின் மாதிரி தெரிஞ்சா நானே வார்டுக்கு நேரா போன் பண்ணி ‘பேஷண்ட் உடம்புல கிராஃப்ட், வால்வு ஏதாவது இருக்கா, ஷுகர் இருக்கா’ன்னு கேட்டுடறேன்.

இந்தக் கிருமியை முதன்முதலா கண்டுபிடிச்சது எங்கேன்னு நினைக்கிறீங்க? ரங்கூன்ல. ஆல்ஃபிரட் விட்மோர்ங்கற வெள்ளைக்கார டாக்டரும், அவர்கூட வேலை பாத்த சி.எஸ்.கிருஷ்ணசாமியும் சேர்ந்து 1912-ல ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’ பத்திரிகைல எழுதினாங்க. நூறு வருஷம் தாண்டியாச்சு. உலகம் முழுக்க வருஷத்துக்கு சுமார் 1,65,000 பேருக்கு இது வருது, 89,000 பேர் சாகறாங்கன்னு 2016-ல ஒரு கணக்கு போட்டாங்க, அதுல பெரிய பங்கு தெற்காசியாவுலதான். வேலூர் சி.எம்.சி., மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி மாதிரி இடங்கள்ல வருஷக்கணக்கா இதைக் கண்டுபிடிச்சு எழுதிக்கிட்டே வர்றாங்க, இலங்கைலயும் இப்ப நிறைய தெரிய வருது. நோய் புதுசு இல்ல, தேடறவங்கதான் கம்மியா இருந்தாங்க. ஆனா ரத்தக்குழாய் வரைக்கும் போறது அந்த நோயாளிகள்லயும் ரொம்பக் கொஞ்ச பேருக்குத்தான்.

பிழைப்பாரான்னு கேட்டீங்க. பொய் சொல்ல மாட்டேன், இது பெரிய நோய். ஆனா பேரு தெரிஞ்சு போச்சுங்கறதுதான் இப்ப உங்களுக்கு இருக்கிற பெரிய பலம், ஏன்னா இதுக்குன்னு வேலை செய்ற மருந்து இருக்கு. செஃப்டாசிடிம் இல்லைன்னா மெரோபெனம் ஊசி நரம்பு வழியா போடுவாங்க, ரத்தக்குழாய்ல பிடிச்சிருந்தா அது குறைஞ்சது 8 வாரம் போகும். ‘இன்னும் எத்தனை நாள்தான் ஊசி’ன்னு சண்டை போட்டு டிஸ்சார்ஜ் வாங்கிடாதீங்க. அதுக்கப்புறம் நம்ம ஊர்ல செப்ட்ரான்னு சொல்ற கோ-டிரைமாக்சசோல் மாத்திரை, ரத்தக்குழாய் கேஸுக்கு ஆறு மாசம், கிராஃப்டை எடுக்க முடியாம உள்ளயே விட்டா ஆயுசுக்கும். அந்த மாத்திரை சாப்பிடும்போது கிட்னி டெஸ்ட்டும் பொட்டாசியமும் அடிக்கடி பாக்கணும், உடம்புல தடிப்பு வந்தா உடனே காட்டணும், முன்னாடி சல்ஃபா மருந்து ஒத்துக்காம போயிருந்தா இப்பவே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. ஷுகரை இறுக்கிப் பிடிங்க. குணமாகி வந்து வயல்ல இறங்கணும்னு அவர் நிப்பார், கிராமத்து ஆள் நிக்காம இருக்க மாட்டார், அப்ப முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கால்ல புண்ணு இருந்தா இறங்கவே கூடாது.

வயிறு திடீர்னு பிளக்கிற மாதிரி வலிச்சாலோ, கறுப்பா தார் மாதிரி மலம் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ விடியட்டும்னு இருக்காதீங்க. கிராஃப்ட் குடலோட உராய்ஞ்சு ஓட்டை போடறதுக்கு அது முதல் அறிகுறி, முதல்ல கொஞ்சமா வந்து நின்னுடும், அப்புறம் மொத்தமா வரும். அந்த நடுவுல கிடைக்கிற நேரம்தான் உயிர்.

கேள்வி: டாக்டர், நான் நர்சிங் ரெண்டாம் வருஷம். கிராஃப்ட்னு சொல்றது எதுல செய்றாங்க? உடம்புல வெள்ளை அணு எல்லாம் இருக்கே, அது ஏன் அந்தக் கிருமியைக் கொல்ல மாட்டேங்குது? (மாணவி, மதுரை)

நல்ல கேள்வி கண்ணு. கதை கேட்டா உனக்குப் பிடிக்கும். 1940-கள் கடைசில நியூயார்க்ல ஆர்தர் வூரீஸ்னு ஒரு சர்ஜன், நாயோட இதயத்துக்குள்ள விட்டுப்போன ஒரு பட்டு நூலைப் பாத்தார், அது மேல பளபளன்னு ஒரு சவ்வு படிஞ்சிருந்துச்சு. அப்ப துணியையே குழாயா தைச்சு வெச்சா உள்பக்கம் இதே மாதிரி சவ்வு படியுமேன்னு யோசிச்சு, பாராசூட் துணி மாதிரி ஒரு செயற்கைத் துணில குழாய் செஞ்சு பாத்தார், 1952-ல வெளியிட்டாங்க. ஹூஸ்டன்ல மைக்கேல் டிபேக்கி துணிக்கடைக்கு நைலான் வாங்கப் போய், நைலான் இல்லைன்னதும் டேக்ரான் வாங்கிட்டு வந்து மனைவியோட தையல் மெஷின்லயே குழாயா தைச்சார், 1954-ல மனுஷனுக்கு வெச்சார். அந்த டேக்ரான் வேற ஒண்ணும் இல்ல, பாலியெஸ்டர். இன்னிக்கும் அதுதான், வெள்ளையா கொசுவம் வெச்ச மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கும், கைல எடுத்தா வளையும். இன்னொரு வகை பி.டி.எஃப்.இ., வழுவழுன்னு இருக்கும், டயாலிசிஸ்காரங்க கைல வைக்கிறது பெரும்பாலும் அது. வயித்தைத் திறக்காம தொடை வழியா கம்பிவலையோட அனுப்பற முறையை 1990-ல பியூனஸ் அயர்ஸ்ல ஹுவான் பரோடி செஞ்சு காட்டினார்.

வெள்ளை அணு விஷயத்துக்கு வர்றேன். வெள்ளை அணு ரத்த ஓட்டம் இருக்கிற சதைலதான் நல்லா வேலை செய்யும். துணிக்கு ஏது ரத்த ஓட்டம்? கிருமி அதுல ஒட்டிக்கிட்டதும் தன்னைச் சுத்தி ஒரு கொழகொழப்பைக் கக்கி மூடிக்கும், கிணத்துப் படில காலை வெச்சா வழுக்குமே அந்தப் பாசி மாதிரி, அதுக்குப் பேரு பயோஃபிலிம். அதுக்குள்ள பாதிக் கிருமி தூங்கிக்கிட்டே கிடக்கும், பெருகாது. மருந்துல பல வகை பெருகற கிருமியைத்தான் கொல்லும், தூங்கறதை ஒண்ணும் பண்ணாது. வெள்ளை அணுவும் மேலாகத் தடவிட்டுப் போயிடும். அதான் மருந்து குடுக்கும்போது ரத்தம் சுத்தமாகும், நிறுத்தினா பாசிக்குள்ள இருந்து மறுபடி இறங்கி வரும். கிராஃப்ட் இருக்கிற பேஷண்டுக்கு ‘வந்து வந்து போற காய்ச்சல்’னு கேஸ் ஷீட்ல பாத்தா உனக்கு இந்தப் பாசி ஞாபகம் வரணும்.

கேள்வி: எனக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். நரம்பு சரியில்லன்னு இடது கைல பிளாஸ்டிக் குழாய் வெச்சு ஒண்ணரை வருஷம் ஆகுது. இப்ப ஊசி குத்தற இடத்துல சிவந்து லேசா தண்ணி கசியுது, டயாலிசிஸ் ஓடும்போது மட்டும் குளிர் நடுக்கம் வருது, வீட்டுக்கு வந்தா சரியாயிடுது. மாத்திரை சாப்பிட்டா போதுமா? எனக்கும் நீங்க சொல்ற மாதிரி அபூர்வக் கிருமியா இருக்குமா? (வாசகர், சேலம்)

மாத்திரை போதாது, அடுத்த டயாலிசிஸ் நாள் வரைக்கும் காத்திருக்கவும் வேணாம் ஐயா, இதைப் படிச்ச உடனே கிளம்புங்க. மெஷின் ஓடும்போது நடுக்கம் வருதுன்னா கையில இருக்கிற கிருமி அப்பப்ப ரத்தத்துல கலக்குதுன்னு சந்தேகப்படணும். உங்களுக்கு அபூர்வக் கிருமியைத் தேடி ஓட வேண்டியதில்ல, வாரம் மூணு தடவை ரெண்டு ரெண்டு ஊசி குத்தற இடம், தோல்ல இருக்கிற ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்தான் முதல் ஆள். அபூர்வம் இல்லைங்கறதால சின்னதுன்னு நினைச்சுடாதீங்க, அது இதய வால்வுக்கும் முதுகெலும்புக்கும் போய் உக்காரும். சொந்த நரம்பையே ரத்தக்குழாயோட இணைச்சுப் போடுற ஃபிஸ்டுலாவை விட குழாய்ல கிருமி பிடிக்கிறது அதிகம், கழுத்துல போடற கதீட்டர்ல அதை விட அதிகம். அதனாலதான் 1966-ல வந்த அந்த ஃபிஸ்டுலா முறையைத்தான் இன்னிக்கும் முடிஞ்சவரைக்கும் முதல்ல பாக்கறாங்க.

தோல் மெலிஞ்சு பளபளன்னு ஆச்சுன்னா, உள்ள குழாய் வெள்ளையா தெரிஞ்சா, மேல பொருக்கு தட்டியிருந்தா அதைக் கையால உரிக்கவே கூடாது, உடைஞ்சா ரத்தம் பீச்சி அடிக்கும். அப்படி ஆச்சுன்னா துணியைக் கட்டிக்கிட்டு உக்காராதீங்க, ரத்தம் வர்ற இடத்தை ஒரு விரலாலயாவது அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஆஸ்பத்திரி வரைக்கும் போகணும், விரலை எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாது. வீட்ல இருக்கிறவங்களுக்கும் இதை இன்னிக்கே சொல்லிக் குடுத்துடுங்க. அப்புறம் டயாலிசிஸ் சென்டர்ல குத்தறதுக்கு முன்னாடி நீங்களே கையை சோப்பு போட்டுக் கழுவிட்டுப் போங்க, கேக்கறதுக்கு சாதாரணமா இருக்கும், ஆனா பலன் பெருசு.

கேள்வி: எங்ககிட்ட 40 ஆடு இருக்கு. இந்த மாசம் நாலு ஆடு குட்டி வீசிடுச்சு (கரு கலைஞ்சுடுச்சு). அப்பாதான் எல்லாம் கையால எடுத்துப் போட்டார். அவருக்குக் கால்ல பைபாஸ் பண்ணி கோர்-டெக்ஸ்னு ஒரு செயற்கைக் குழாய் வெச்சிருக்கு. ஆட்டுலருந்து ஒரு காய்ச்சல் வந்து கிராஃப்ட்ல பிடிக்கும்னு சொல்றாங்களே, நிஜமா? (வாசகர், நாமக்கல் மாவட்டம்)

நிஜம்தான், அதுக்குப் பேரு க்யூ காய்ச்சல். 1935-ல ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன் நகரத்து கசாப்புக் கூடத்துல வேலை பாத்தவங்களுக்கு என்னன்னே தெரியாத காய்ச்சல் வந்துச்சு, எட்வர்ட் டெரிக்னு ஒரு டாக்டர் அதை ஆராய்ஞ்சார், காரணம் தெரியாததால ‘கேள்வி’ன்னு அர்த்தம் வர்ற இங்கிலீஷ் வார்த்தையோட முதல் எழுத்தையே பேரா வெச்சுட்டார். அப்புறம்தான் காக்ஸியெல்லாங்கற கிருமின்னு தெரிஞ்சுது. ஆடு, மாடு, செம்மறி எல்லாத்துலயும் இருக்கலாம், கிருமி பிடிச்ச சினை ஆட்டோட நச்சுக்கொடில கோடிக்கணக்குல இருக்கும். அது காஞ்சு புழுதியோட கலந்து காத்துல போகும், மூச்சுல போனாலே போதும்.

நெதர்லாந்துல 2007-லருந்து 2010 வரைக்கும் நடந்ததை நாம எல்லாரும் தெரிஞ்சுக்கணும். வடக்கு பிராபண்ட் மாகாணத்துல பெரிய பெரிய பால் ஆட்டுப் பண்ணைங்க, ஆடுங்க கூட்டம் கூட்டமா குட்டி வீசுச்சு, பக்கத்து ஊர்ல ஆட்டையே தொடாத ஜனங்களுக்கெல்லாம் காய்ச்சல். பதிவானது மட்டும் 4,000 பேருக்கு மேல. கடைசில 50,000-க்கு மேல ஆடுகளைக் கொன்னாங்க, ஆடு வளக்கறவருக்கு அது எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பெரும்பாலானவங்களுக்கு ஃப்ளூ மாதிரி வந்து போயிடுச்சு. ஆனா ரத்தக்குழாய் வீக்கம் இருந்தவங்க, கிராஃப்ட் வெச்சவங்க, வால்வு மாத்தினவங்க, இவங்கள்ல சில பேருக்கு மாசக்கணக்கு, வருஷக்கணக்கு கழிச்சு குழாய்ல இருந்து தலை தூக்குச்சு. எடை குறையறது, ராத்திரி வேர்வை, முதுகு வலி, இவ்ளோதான் அறிகுறி, சில பேருக்குக் காய்ச்சலே இல்ல.

எங்க லேப் ஆளுங்களுக்கு இதுல ஒரு தலைவலி உண்டு தம்பி. இந்தக் கிருமி உயிருள்ள அணுக்குள்ளதான் வளரும், பிளட் கல்ச்சர் பாட்டில்ல ஆயுசுக்கும் வளராது. பாட்டில் பேசாம இருக்கும், நோய் உள்ள எரிஞ்சுக்கிட்டிருக்கும். ரத்தத்துல இதுக்கு எதிரா உண்டான ஆன்டிபாடியைத் தனியா சொல்லி டெஸ்ட் பண்ணணும், எல்லா லேப்லயும் கிடையாது, அதனால டாக்டர்கிட்ட ‘வீட்ல ஆடு குட்டி வீசுச்சு, அப்பாதான் எடுத்தார், கால்ல குழாய் இருக்கு’ன்னு இந்த மூணையும் சேர்த்துச் சொன்னாத்தான் அவருக்கு அந்த டெஸ்ட் ஞாபகத்துக்கே வரும். நம்ம நாட்டுலயும் ஆடு மாடுங்ககிட்டயும் மனுஷங்ககிட்டயும் இது இருக்கிறதுக்கு ஆதாரம் இருக்கு. ரத்தக்குழாய்ல பிடிச்சுட்டா டாக்சிசைக்ளின், கூட ஹைட்ராக்சிகுளோரோக்வின், ரெண்டும் சேர்த்து ஒண்ணரை வருஷமாவது, செயற்கைக் குழாய் இருந்தா ரெண்டு வருஷம். கிருமி ஒளிஞ்சிருக்கிற இடத்துல இருக்கிற புளிப்புத்தன்மைல டாக்சிசைக்ளின் தனியா சரியா வேலை செய்யாது, அந்தப் புளிப்பை மாத்தறதுக்குத்தான் ரெண்டாவது மாத்திரை. கண் டாக்டர்கிட்ட நடுநடுவுல காட்டணும், வெயில்ல தோல் கருகும்.

அப்பாவுக்கு இப்ப எதுவும் இல்லைன்னா பயப்பட வேணாம், ஆனா டாக்டர்கிட்ட ஒரு தடவை சொல்லி வெச்சுடுங்க. இனிமே அவர் குட்டி போடற ஆட்டுக்கிட்ட போகக் கூடாது, மாசமா இருக்கிற பொண்ணுங்களும் போகக் கூடாது. எடுக்கறவங்க கையுறையும் மாஸ்க்கும் போடணும், நச்சுக்கொடியை நாய்க்குப் போடாம சுண்ணாம்பு போட்டு ஆழமா புதைங்க, பாலைக் காய்ச்சாம குடிக்காதீங்க. நாலு ஆடு வீசினதுக்கு புரூசெல்லான்னு வேற கிருமியும் காரணமா இருக்கலாம், அதுவும் மனுஷனுக்கு வரும், கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு மாதிரி எடுக்கச் சொல்லுங்க.

கேள்வி: அம்மாவுக்கு வயித்துல வெச்ச கிராஃப்ட்ல சால்மொனெல்லா பிடிச்சிருக்கு. ஒரு சர்ஜன் குழாயை எடுத்தே ஆகணும்ங்கறார், இன்னொருத்தர் 74 வயசுல தாங்காது, மருந்துலயே ஓட்டலாம்ங்கறார். யாரை நம்பறது? (வாசகர், கோயமுத்தூர்)

ரெண்டு பேருமே உங்க அம்மா நல்லா இருக்கணும்னுதான் சொல்றாங்க. பாசி பிடிச்ச குழாயை எடுத்தாத்தான் வேரோட போகும்ங்கறது உண்மை. அதை எடுக்கறது ரத்தக்குழாய் ஆபரேஷன்லயே ரொம்பக் கஷ்டமான ஒண்ணு, டேபிள்லயே உயிருக்கு ஆபத்துங்கறதும் உண்மை. எடுத்துட்டு சும்மா விட முடியாது, காலுக்கு ரத்தம் போகணுமே, அதனால அதே இடத்துல இறந்தவங்க தானமா குடுத்த ரத்தக்குழாயோ, உங்க அம்மா தொடைல இருந்தே எடுத்த பெரிய நரம்போ வைப்பாங்க, இல்லைன்னா ரிஃபாம்பிசின் மருந்துல ஊற வெச்ச புதுக் குழாய். இல்லைன்னா கெட்டுப்போன இடத்தை ஒதுக்கிட்டு தோள்ல இருந்து தோலுக்கு அடியிலயே ஒரு குழாயைத் தொடைக்கு இறக்குவாங்க. எது முடியும்னு அம்மாவோட இதயம், கிட்னி, அந்த ஊர் சர்ஜனோட கை, எல்லாம் சேர்ந்துதான் சொல்லும்.

சால்மொனெல்லா கெட்டுப்போன சாப்பாட்டுல இருந்து வர்ற சாதாரணக் கிருமிதானேன்னு தோணும், ஆனா அதுக்கு வயசானவங்களோட கொழுப்பு படிஞ்ச ரத்தக்குழாய் சுவர் மேல ஒரு தனி மோகம். ரத்தக்குழாயையே அரிக்கற கிருமி இது, அதனால மருந்து மட்டும்னு முடிவு பண்ணா சி.டி. ஸ்கேன் திரும்பத் திரும்ப எடுத்துக் குழாயைச் சுத்தி சீழ், காத்து, புது வீக்கம் வருதான்னு பாக்கணும். என்கிட்ட கேட்டா ரெண்டு சர்ஜனையும் ஒரே அறைல உக்கார வெச்சு, கூட ஒரு தொற்றுநோய் டாக்டரையும் கூப்பிட்டு, ‘எடுக்கலைன்னா அடுத்த ஆறு மாசம் என்ன ஆகும், எடுத்தா முதல் மாசம் என்ன ஆகும்’னு அம்மா முன்னாடியே கேளுங்கன்னுதான் சொல்வேன். முடிவு அவங்க உடம்பு பத்தினது, அவங்க வாயாலயும் கேக்கணும்.

கேள்வி: அப்பாவுக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் இருக்கு, இதே பயம் அவருக்கும் இருக்கா? பல் பிடுங்கணும்னா ஆன்டிபயாடிக் வேணுமா? வீட்ல பூனை வேற இருக்கு. (வாசகி, புதுச்சேரி)

இதய ஸ்டென்ட்ல கிருமி பிடிக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம், அதுக்காகத் தூக்கம் கெட வேணாம். பல்லுக்கு முன்கூட்டியே மருந்து கண்டிப்பா வேணும்ங்கறது செயற்கை வால்வு வெச்சவங்க மாதிரி சில பேருக்குத்தான், வெறும் ஸ்டென்ட்டுக்கு இல்ல. வயித்துலயோ கால்லயோ கிராஃப்ட் வெச்சவங்க விஷயத்துல டாக்டர்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கு, வெச்ச சர்ஜனை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. ஈறு ஆரோக்கியமா இருக்கறதுதான் மருந்தை விட முக்கியம். பூனை இருக்கட்டும், ஆனா கிராஃப்ட் இருக்கிறவங்க பூனை பிராண்டின இடத்தையும் நாய் நக்கின புண்ணையும் அலட்சியமா விடக் கூடாது. பூனை வாய்ல பாஸ்சுரெல்லா, நாய் வாய்ல கேப்னோசைட்டோஃபாகான்னு கிருமிங்க உண்டு, ரெண்டுமே கிராஃப்ட்ல பிடிச்ச கேஸ் பதிவாகியிருக்கு. சோப்பு போட்டு ஓடற தண்ணில நல்லாக் கழுவிட்டு அன்னிக்கே காட்டுங்க.

கேள்வி: நான் துபாய்ல, அப்பா ஊர்ல தனியா. கிராஃப்ட் வெச்சு மூணு வருஷம். காய்ச்சல் வந்தா பக்கத்து கிளினிக்தான் போவார், என்ன சொல்லணும்னு அவருக்குத் தெரியாது. என்ன பண்றது? (வாசகர், துபாய்)

தபால் கார்டு அளவுல ஒரு அட்டை எடுத்து, பெரிய எழுத்துல தமிழ்லயே எழுதுங்க. ‘வயித்து ரத்தக்குழாய்ல செயற்கைக் கிராஃப்ட் இருக்கு’, வெச்ச வருஷம், ஆஸ்பத்திரி பேரு, சர்ஜன் போன் நம்பர், ஒத்துக்காத மருந்து. அதுக்குக் கீழ ‘காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல இருந்தா ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் எடுக்கவும், ரெண்டு கைல இருந்தும் தனித்தனியா’. ஒரு பாட்டிலுக்கு 8-லருந்து 10 மில்லி ரத்தம் வேணும். சில நேரம் கிருமி ஒரு மில்லிக்கு ஒண்ணு கூட தேறாது, ரெண்டு மில்லி எடுத்து ஊத்தினா அது சிக்காமலே போயிடலாம், அதையும் எழுதுங்க. கிளினிக்ல பாட்டில் இல்லைன்னா பக்கத்துல இருக்கிற அரசு ஆஸ்பத்திரியோ லேப்போ எது எடுக்கும்னு நீங்க லீவுல வரும்போதே நேர்ல போய்க் கேட்டு அந்த இடத்தோட பேரையும் எழுதிடுங்க. ஆனா ஒண்ணு, ஆள் மயங்கற மாதிரி, பிரஷர் இறங்கிப்போய் இருந்தா கல்ச்சருக்காக மருந்தைத் தள்ளிப் போடக் கூடாது, ரத்தத்தை எடுத்த கையோட ஊசி போட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்.

அட்டையை லேமினேட் பண்ணி ரெண்டு காப்பி எடுங்க. ஒண்ணு அப்பாவோட சட்டைப் பைல, இன்னொண்ணு பக்கத்து வீட்ல யார் அவரை ஆட்டோல ஏத்திக்கிட்டுப் போவாங்களோ அவங்ககிட்ட.